கம்பஸுக்குப் போகும்போது எங்களுக்கு யாரும் சொல்லாதவை

லயத்தில் ஒரு பிள்ளைக்குக் கம்பஸ் கிடைத்துவிட்டால் அன்றைக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேறு பேச்சு இருக்காது. கோயிலில் ஒரு அர்ச்சனை நடக்கும். தலைவர் வந்து சால்வை போடுவார். டவுனில் ஒரு பெரிய பெட்டி வாங்குவார்கள். பிறகு ஒரு விடியற்காலையில் அம்மாவும் அப்பாவும் ஒருநாள் பேரை விட்டுவிட்டு பஸ் நிலையம் வரை வந்து ஏற்றிவிடுவார்கள். அந்த பஸ் புறப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பது தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. பிள்ளையும் சொல்லாது.

இதை எழுதும் நாங்கள் நால்வர். இருவர் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களைச் சேர்ந்தவர்கள், இருவர் கேகாலை. மூவரின் அம்மாமார் கொழுந்து பறித்தவர்கள். ஒருவரின் அப்பா தெரணியகலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். நால்வரின் வீட்டிலும் சங்கத்துக்குச் சந்தா பிடிக்கப்பட்ட சம்பளச் சீட்டு இருந்தது. வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு பல்கலைக்கழகங்களுக்குப் போனோம். மூவர் பட்டம் முடித்தோம். ஒருவர் முடிக்கவில்லை. அவரையும் உட்காரவைத்துத்தான் இதை எழுதுகிறோம். உண்மையில் அவருக்குத்தான் சொல்ல நிறைய இருந்தது.

அந்த பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் இப்போது போய்ப் பேச முடிந்தால் என்ன சொல்வோம் என்று கேட்டுக்கொண்டோம். முதலில் வந்தது படிப்பைப் பற்றிய பேச்சு அல்ல, காசைப் பற்றியது.

மகாபொல வரும், அதில் சமாளித்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மகாபொல நல்ல திட்டம். லலித் அத்துலத்முதலி அமைச்சராக இருந்த காலத்தில், 1981இல் தொடங்கியது. அது இல்லையென்றால் எங்களில் ஒருவரும் இரண்டாம் ஆண்டைப் பார்த்திருக்கமாட்டோம். 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அது மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கப்பட்டது. மகாபொல கிடைக்காதவர்களுக்கான மாணவர் உதவுதொகை 4,000இலிருந்து 6,500 ஆனது. கணக்கைத் தோட்டத்துக் கணக்காகவே போடுவோம். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் 7,500 ரூபா என்பது அம்மாவின் ஐந்தரை நாள் பேர். ஒரு பிள்ளை ஒருநாளைக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு 500 ரூபா மட்டும் செலவழித்தாலும் மாதத்துக்கு 15,000. அது பதினொரு நாள் பேர். போட்டோப்பிரதி, டேட்டா, பஸ் காசு, சவர்க்காரம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

அந்தக் காசும் சேர்ந்த அன்றே வருவதில்லை. பெயர்ப்பட்டியல் வரவேண்டும், வருமானம் உறுதிப்படுத்தப்படவேண்டும், வங்கிக் கணக்கு திறக்கவேண்டும். எதுவும் பிழையில்லாமல் நடந்தாலும் சில மாதங்கள் எடுக்கும். ஆகவே ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு நான்கு ஆண்டுகளில் ஆபத்தான காலம் பரீட்சைக் காலம் அல்ல, முதல் ஆறு மாதங்கள்தான். பட்டத்தை முடிக்காத எங்கள் நண்பர் அந்த ஆறு மாதங்களில்தான் வழுக்கினார்.

அவர் சொல்லட்டும் என்று விட்டோம். அவர் சொன்னது இது. அம்மா தோட்டையும் மூக்குத்தியையும் அடகு வைத்துக் கொடுத்த காசு ஏழாவது வாரத்தில் முடிந்தது. வீட்டுக்கு போன் எடுக்கும்போதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கும்மா, நீங்க யோசிக்காதீங்க" என்றுதான் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கொழும்புக்கு வந்து ஒரு கடையில் சனி, ஞாயிறு வேலை செய்தார். பிறகு திங்களும் நின்றார். பிறகு ஒரு பரீட்சை தவறியது. ஒருநாள் கம்பஸுக்குத் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்குத் தெரியவந்தது எட்டு மாதங்களுக்குப் பிறகு. அதுவரையும் அம்மா மலையில், "மகன் கம்பஸ்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் சோம்பேறி அல்ல. அவருடைய உயர்தரப் பெறுபேறு எங்கள் நால்வரிலும் சிறந்தது. அவர் செய்த பிழை ஒன்றே ஒன்று: யாரிடமும் சொல்லவில்லை. ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகராக ஒரு விரிவுரையாளர் நியமிக்கப்பட்டிருப்பார். மாணவர் நலப் பிரிவு இருக்கும். அங்கே போய்ச் சொன்னால் பதிவை ஓர் ஆண்டு ஒத்திவைக்கவாவது கேட்டுப் பார்த்திருக்கலாம் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஆபிஸ் என்றால் வாசலில் நின்று கூப்பிடும்வரை காத்திருக்கும் இடம். உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்து, "எனக்கு இப்படி ஒரு பிரச்சினை" என்று சொல்லப் பழகவில்லை. தம்பி, தங்கச்சி, அந்தக் கதவைத் தட்டுங்கள். அவர்கள் துரைமார் அல்லர்.

காசுக்கு வேறு வழிகளும் இருக்கின்றன, கேட்டால்தான் கிடைக்கும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1940களில் தொடங்கப்பட்ட தோட்டத் தொழிலாளர் கல்வி அறக்கட்டளை இந்தியத் தூதரகத்தின் வழியாக உயர்தர, பல்கலைக்கழக மாணவர்களுக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. சீவெட் என்று சொன்னால் பலருக்குப் புரியும். பத்திரிகையில் அறிவித்தல் வரும், நாள் கடந்தபிறகுதான் நம் கண்ணில் படும். ஈ.டி.எப். எனப்படும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியமும் அங்கத்தவர்களின் பிள்ளைகளுக்கு உதவித்தொகைத் திட்டங்கள் வைத்திருக்கிறது. பேர் போட்டு வேலை செய்யும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் தோட்டம் அந்த நிதிக்குச் சம்பளத்தில் 3 சதவீதம் கட்டுகிறது. நம் பணம் அங்கே கிடக்கிறது, நமக்குப் படிவம் எங்கே என்று தெரியாது.

இனி, பஸ் ஏறுவதற்கு முன்பே முடிந்துபோகிற ஒரு விடயம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் எந்தப் பாடநெறியை முதலில், எதை இரண்டாவது, எதைப் பத்தாவது என்று எழுதுகிறோமோ, அந்த ஒழுங்கில்தான் நம் வாழ்க்கை போகும். எங்களில் இருவர் அதை ஒரு தொடர்பாடல் நிலையத்தில், பின்னால் வரிசையில் ஆட்கள் நிற்க, அரை மணித்தியாலத்தில் நிரப்பினோம். கடைத் தம்பி சொன்ன ஒழுங்கைத்தான் எழுதினோம். கைநூலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதைத் திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடு முழுவதற்குமான திறமை வரிசையில் போகின்றன. 55 சதவீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிக்கப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பதினாறில் ஒன்று. கேகாலை இல்லை. மாவட்ட எல்லைக்கு இந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு வாசல் கூட, அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கு ஒன்று குறைவு என்று வேடிக்கையாகச் சொல்வோம். லயங்கள் இரண்டிலும் ஒன்றுதான். ஒரே பாடநெறிக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி மாறும். எனவே, "இந்த இசட் புள்ளிக்கு ஒன்றும் கிடைக்காது" என்று யாராவது கையை விரித்தால் நம்பாதீர்கள். சென்ற ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிப் பட்டியலை உங்கள் மாவட்டத்தின் நிரலில் பாருங்கள். உயர்தரத்துக்கு ஹட்டனுக்கோ கொழும்புக்கோ போய்ப் படித்த பிள்ளைகள், தாங்கள் எந்த மாவட்டத்தில் கணக்கெடுக்கப்படுவார்கள் என்ற விதியைக் கட்டாயம் வாசிக்கவேண்டும்.

இங்கே எங்கள் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறோம். மாவட்ட ஒதுக்கீடு நல்லதுதான். ஆனால் அது மாவட்டத்தைப் பார்க்கிறதே தவிர, தோட்டத்தைப் பார்ப்பதில்லை. இரத்தினபுரிக்கென்று வரும் இடங்களுக்கு இறக்குவானை மலையிலிருந்து வரும் பிள்ளை போட்டியிடுவது, ஆய்வுகூடமும் விளையாட்டு மைதானமும் டியூஷன் வகுப்பும் உள்ள நகரத்துப் பாடசாலைகளோடு. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமும் கணிதமும் உயர்தரத்துக்குப் படிக்க சப்ரகமுவவில் எத்தனை தோட்டங்களுக்கு எட்டிய தூரத்தில் பாடசாலை இருக்கிறது? அதனால்தான் நம் பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையோர் கலைப்பிரிவுக்குப் போகிறார்கள். விருப்பத்தால் போவோரும் உண்டு, அவர்களைக் குறைசொல்லவில்லை. வேறு வகுப்பு இல்லாததால் போவோரே அதிகம். தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வந்ததே 1970களில்தான். அதுவரை ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு. அந்தப் பள்ளத்தை இசட் புள்ளி அளப்பதில்லை.

சேர்ந்த பிறகு வரும் பெரிய சுவர் ஆங்கிலம். உயர்தரம்வரை தமிழில் எழுதிய பிள்ளை, முகாமைத்துவமோ விவசாயமோ விஞ்ஞானமோ படிக்கப் போனால் முதல் விரிவுரையிலேயே ஆங்கிலம். எங்களில் ஒருவர் முதல் பருவம் முழுவதும் கரும்பலகையில் இருந்ததை அப்படியே பிரதிபண்ணிக்கொண்டு வந்து இரவில் அகராதி பார்த்தார். தான் மட்டும்தான் முட்டாள் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த அநுராதபுரத்துப் பையனும் மொனராகலைப் பிள்ளையும் அதே அகராதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தெரியவந்தபோது மூவரும் சேர்ந்து படித்தார்கள். அதிலிருந்துதான் புள்ளி ஏறியது. உயர்தரப் பரீட்சை முடிந்து கம்பஸ் தொடங்கும்வரை பல மாதங்கள் கிடைக்கும். அந்த மாதங்களை நாங்கள் கடை வேலையில் கழித்தோம். பாதியை ஆங்கிலத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. கடை வேலையே வேண்டாம் என்று சொல்லமாட்டோம், அந்தக் காசுதானே பெட்டி வாங்கியது.

ஆங்கிலத்தில் பின்னால் நின்ற நாங்கள் இன்னொன்றில் முன்னால் நின்றோம். அது எங்களுக்கே தெரியாது. சப்ரகமுவத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவில் இருப்பவை. கடைக்குப் போனாலும் பஸ்ஸில் ஏறினாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சிங்களம். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த நண்பர்கள் கந்தோரில் ஒரு படிவம் கேட்கத் தடுமாறியபோது, நாங்கள் கூடப்போய்ப் பேசிக்கொடுத்தோம். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் எங்கள் தாத்தா பாட்டிமார் என்ன பட்டார்கள் என்று வீட்டில் கேட்டிருக்கிறோம். லயங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன சொந்தக்காரர் எங்களுக்கு உண்டு. அதே மண்ணில் இருந்துதான் இந்த மொழியையும் கற்றோம். இரண்டு மொழி பேசத் தெரிந்த பட்டதாரிக்கு இந்த நாட்டில் உள்ள பெறுமதியைக் கம்பஸ் வாசலில் யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால், மூன்று ஆண்டுகள் தலைகுனிந்து நடந்திருக்கமாட்டோம்.

தலைகுனிவைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் அறிமுகத்தில், "ஊர் எங்கே?" என்று கேட்டார்கள். ஒருவர் "இரத்தினபுரி" என்றோம். ஒருவர் "அவிசாவளைப் பக்கம்" என்றோம். ஒருவர் "கண்டி" என்றே சொன்னோம், அது சுத்தப் பொய். தோட்டம் என்ற சொல் வாயில் வரவில்லை. எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களும் இருந்தார்கள், "தோட்டக்காட்டான்" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் இருந்தார்கள், தமிழர்களே. ஆனால் பொய் சொன்னதால் வந்த நஷ்டம் அந்தச் சிரிப்பைவிடப் பெரியது. நண்பர்களை வீட்டுக்குக் கூப்பிட முடியவில்லை. உதவித்தொகைப் படிவத்தில் முகவரி எழுதும்போது பக்கத்தில் யார் இருக்கிறார் என்று பார்க்கவேண்டியிருந்தது. அம்மா ஒருமுறை பார்க்க வந்தபோது வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பிவிட்டவரும் எங்களில் உண்டு. அதை எழுதச் சொன்னது அவரேதான். அம்மாவின் கையில் கொழுந்துக் கறை இருந்தது, அதுதான் காரணம் என்றார்.

1950, 60களில் மலையகத்திலிருந்து முதன்முதலாகப் பட்டதாரிகளாக வந்தவர்கள் வேறுமாதிரி நடந்துகொண்டார்கள். ஹட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் ஆசிரியராகவும் அதிபராகவும் இருந்த இர. சிவலிங்கமும் அவரைச் சூழ்ந்தவர்களும் தங்களை மலையகத்தார் என்று மேடையேறிச் சொன்னார்கள், மலைநாட்டு நல்வாழ்வு வாலிபர் சங்கம் அமைத்தார்கள், வகுப்பறையில் ஒரு தலைமுறையை வளர்த்தார்கள். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட சமூகத்திலிருந்து, வாக்குரிமைகூட இல்லாத வீடுகளிலிருந்து வந்தவர்களுக்கு அந்தத் துணிவு இருந்தது. எல்லா ஆவணங்களும் கையில் இருந்த எங்களுக்கு இருக்கவில்லை. இன்னொன்று: மலையகம் என்றால் நுவரெலியாவும் பதுளையும் என்றுதான் வெளியில் நினைக்கிறார்கள். சப்ரகமுவவிலும் நாம் இருக்கிறோம் என்பதைப் பல்கலைக்கழகத்தில் நாம் வாய்திறந்து சொன்னால்தான் தெரியும். பெலிஹுல்ஓயாவில் 1990களில் எழுந்த சப்ரகமுவப் பல்கலைக்கழகம் எங்கள் பலாங்கொடைத் தோட்டங்களுக்கு எவ்வளவு பக்கம்! அதன் வாசலைக் கடந்து வேலைக்குப் போகும் நம் ஆட்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள்?

பகிடிவதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம், சட்டம் தெளிவாக இருப்பதால். 1997இல் பேராதனையில் பகிடிவதைக்குள்ளான தமிழ் மாணவர் ஒருவர் இறந்த பிறகு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை குற்றம், சிறைத்தண்டனை உண்டு. "எல்லாரும் பட்டதுதானே, நீயும் படு" என்று சொல்லும் அண்ணன்மாரை நம்பவேண்டாம். வீட்டுக்கு உடனே சொல்லுங்கள். பெற்றோரே, பிள்ளை திடீரென்று "நான் கம்பஸ் போகல" என்றால் முதலில் திட்டாதீர்கள், காரணத்தைக் கேளுங்கள்.

வீட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பஸ் பிள்ளை என்றால் தோட்டத்தில் எல்லோருடைய படிவத்தையும் நிரப்பவேண்டும், எல்லாக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வரவேண்டும், தம்பியின் கணக்கைப் பார்க்கவேண்டும், வேலைநிறுத்தம் என்றால் நோட்டீஸ் எழுதவேண்டும். செய்தோம், சந்தோஷமாகத்தான். ஆனால் பரீட்சை வாரத்தில் சித்தப்பா மகளின் சடங்குக்கு வராததற்கு ஒரு வருடம் பேசாமல் இருந்த சொந்தமும் உண்டு. அங்கே பரீட்சை தவறினால் திரும்ப எழுத அடுத்த ஆண்டுவரை காத்திருக்கவேண்டி வரலாம். சடங்கு வீடியோவைப் பிறகு பார்க்கலாம். பெரியவர்கள் இதைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுக்கவேண்டும்.

இனி சங்கத்திடம் எங்களுக்கு உள்ள குறை. உரிமையோடு சொல்கிறோம். சால்வை போடுவது நல்லது, படமெடுத்து இந்தப் பத்திரிகையில் போடுவதும் நல்லது. எங்கள் நால்வரின் படமும் வந்தது. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளில் ஒருமுறையாவது, "பிள்ளை எப்படிப் படிக்கிறது?" என்று யாரும் கேட்கவில்லை. பாதியில் விட்டவரைப் பற்றிச் சங்கத்துக்கு இந்தக் கட்டுரையைப் பார்த்துத்தான் தெரியப்போகிறது. சால்வைக்குச் செலவாகும் காசையும் நேரத்தையும் முதல் ஆறு மாதங்களின் பக்கம் திருப்பலாம். வட்டியில்லாக் கடனாக, உதவித்தொகை வந்ததும் திருப்பித் தரும்படி, மாவட்டக் காரியாலயத்தில் ஒரு சிறிய நிதி வைக்கலாம். தோட்டங்களில் பெண்கள் சீட்டுப் பிடித்து எவ்வளவு ஒழுங்காக நடத்துகிறார்கள்! நமக்கு அந்த வித்தை புதிதல்ல.

அடுத்த பேச்சுவார்த்தைகளில் கேட்கவேண்டிய ஒன்றும் உண்டு. ஈ.பி.எப். பணத்தில் 30 சதவீதம்வரை வீட்டுக்காகவோ வைத்தியச் செலவுக்காகவோ வேலையில் இருக்கும்போதே எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. பிள்ளையின் பல்கலைக்கழகப் படிப்புக்கு எடுக்க அதில் இடமில்லை. இருபது ஆண்டு கொழுந்து பறித்த ஒரு தாய், தன் பெயரில் பணம் கிடக்கும்போது, மூக்குத்தியை அடகு வைக்கவேண்டியிருக்கிறது. ஓய்வுகாலப் பணத்தில் கைவைக்கக்கூடாது என்பவர்களின் கவலை எங்களுக்கும் விளங்குகிறது. கிழவியானபின் அவளுக்கு யார் கொடுப்பார்? இருந்தாலும் அடகுக் கடைக்கு வட்டி கட்டுவதைவிட, வரம்பு வைத்து, பல்கலைக்கழகப் பதிவுக் கடிதத்தைக் காட்டினால் மட்டும் ஒரு பகுதியை எடுக்க விடுவது மேல் என்பது எங்கள் மூவரின் கருத்து. நான்காமவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. கமிட்டிக் கூட்டங்களில் பேசிப் பாருங்கள்.

நாங்கள் எங்களால் முடிந்ததைச் செய்யத் தயார். இந்த ஆண்டு உயர்தரம் எழுதிய, அல்லது பெறுபேறு வந்து விண்ணப்பிக்கக் காத்திருக்கும் பிள்ளைகள் உங்கள் டிவிஷனில் இருந்தால், அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் பெயரையும் போன் நம்பரையும் தோட்டத் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ கொடுங்கள். எங்களில் ஒருவர் பேசுவார். விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன் பேசினால் நல்லது. வரும்போது கைநூலையும் பெறுபேற்றுத் தாளையும் கொண்டுவாருங்கள். பெரிய பெட்டி மட்டும் வாங்கிவிடவேண்டாம், விடுதி அறையில் அதை வைக்க இடமே இருக்காது.